ஓரம்

மன்னார்குடி – முத்துப்பேட்டை. பாதி வழி ஆற்றங்கரை.
பத்தொன்பது வருஷமாக அதே தடம்.
எனக்கு நல்ல கண்.
டெப்போ பரிசோதனையில்
அடி வரிசைப் பொடி எழுத்தைக்கூட
மூச்சு விடாமல் வாசிப்பேன்.
கண்டக்டர் மதியழகனுக்குத்தான் சாளேசுரம்:
இருபது ரூபாய் நோட்டைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து
இருநூறா என்பான்.

போன குறுவை அறுப்பில்தான் தெரிந்தது.
தெரிந்தது என்றால்,
தெரியாதது தெரிந்தது.

முதலில் ஒரு கொக்கு.
கொக்கு வயலிலிருந்து எழும்,
வரப்பைத் தாண்டும், அப்புறம்தான் சாலைக்கு வரும்.
இது கண்ணாடியின் நடுவில் முளைத்தது,
வந்த வழியே இல்லாமல்.

பிறகு ஒரு சைக்கிள்.
பிறகு, நெல் காய்ந்துகொண்டிருந்த தார்ச்சாலையில்
படுதாவை இழுக்கும் ஒரு கை.
கை மட்டும்.
அந்தப் பெண் அப்புறம் வந்தாள்.
பிரேக்கை மிதித்தேன். பின்னால் மீன்கூடைகள் உருண்டன.
"தூங்குறியாண்ணே?" என்றான் மதியழகன்.
ஆமாம் என்றேன்.
கைக்கு வந்த பொய் அதுதான்.

கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டப் பழகினேன்.
கோழி மாதிரி, என்றாள் மனைவி.
ஒரு கல்யாணப் பந்தியில்
ஊறுகாய் வைக்கலையா என்று கேட்டேன்.
பரிமாறுகிறவன் இலையின் இடது ஓரத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
இன்னொரு துண்டு வைத்துவிட்டுப் போனான்.

வலி இல்லை. சிவப்பு இல்லை. நீர் வடியவில்லை.
இருட்டா என்று கேட்கிறார்கள். இருட்டும் இல்லை.
உங்கள் முதுகுக்குப் பின்னால்
உங்களுக்கு என்ன நிறம் தெரிகிறது?
அந்த நிறம்.

தஞ்சாவூர்க் கண்ணாஸ்பத்திரியில்
சொட்டு விட்டு வரிசையாக உட்கார வைத்தார்கள்.
பக்கத்தில் கூத்தாநல்லூர் ஆமினா பீவி, முற்றின புரை:
"கஞ்சித்தண்ணிக்குள்ளேருந்து பாக்குறாப்ல இருக்கு தம்பி,
விளக்கச் சுத்தி வட்டம் வட்டமா."
எதிரே ஒரு சர்க்கரைக்காரர்,
கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போடுகிறவர்.
எடை எண்ணின் மேல் கறுப்பாக ஏதோ மிதக்கிறதாம்.
துடைத்துப் பார்த்து, துடைத்துப் பார்த்து
மெஷினை மாற்றச் சொல்லி எழுதியே போட்டுவிட்டாராம்.
சிரித்தோம்.
அவர்களுக்காவது எது மறைக்கிறது என்று தெரிகிறது.
பொறாமையாக இருந்தது.

வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள்
முகத்தை வைக்கச் சொன்னாள் ஜெனிட்டா.
கையில் ஒரு பொத்தான்.
"நடுப்புள்ளியையே பாருங்க சார்.
எங்கயாவது வெளிச்சம் வந்தா அமுக்குங்க."
வந்தது. அமுக்கினேன்.
வந்தது.
பிறகு வரவில்லை.
மெஷின் மட்டும் கிர்ர் கிர்ரென்று
எதையோ நகர்த்திக்கொண்டிருந்தது.
சத்தம் கேட்டால் அமுக்கு, என்றது புத்தி.
கண்ணை மூடிக்கொண்டு ஸ்டாப்பு சொல்கிறவனுக்கு
இது ஒரு வேலையா?
அமுக்கினேன். அமுக்கினேன். அமுக்கினேன்.

அவள் நிறுத்தினாள்.
"வெளிச்சமே போடாதப்பவும் அமுக்குறீங்களே."

அந்தக் கிண்ணத்துக்குள் வேறெதுவும் இல்லை.
ஆனாலும் என் பின்னால்
ஐம்பது சீட்டும் நிறைந்து,
படியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொங்குகிற
அந்தப் பாரம் தெரிந்தது.
"திரும்பப் போடும்மா" என்றேன்.

இந்த முறை விரல் சும்மா இருந்தது, நெடுநேரம்.

தாளில் நடுவே ஒரு விரலளவு வெளுப்பு, சுற்றிலும் கரி.
கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பை அரித்திருக்கிறது,
போனது போனதுதான், என்றார் டாக்டர்.
இருப்பதைக் காப்பாற்ற
ராத்திரிக்கு ஒரு சொட்டு. ஒருநாளும் விடக்கூடாது.

நான் கடைமடைக்காரன். எனக்குப் புரிந்தது.
காய்வது கடைமடைதான் முதலில்.
தலைமடையில் நிற்கிறவனுக்கு
ஆறு கரை தொட்டுத்தான் ஓடும்.

முதல் சொட்டு கன்னத்தில் போனது.
இரண்டாவது மூக்கில்.

காலையில் கிளை மேனேஜர் தாளை நீட்டினார்.
இனி வண்டி இல்லை; டைம் ஆபீஸில் ஏதாவது பார்க்கலாம்.
கையெழுத்துப் போட வேண்டிய இடம்
நேராக, நடுவில், பொடி எழுத்தில்.
நன்றாகவே தெரிந்தது.
பேனாதான் எங்கே என்று கேட்டேன்.